ஒழுகும் ஆயிலும் இன்ஜின் வேலையும்

பழைய டிராக்டர் இரவு முழுவதும் ஓர் இடத்தில் நிற்கிறது. காலையில் அதை நகர்த்தினால் தரையில் கறுப்பாக ஒரு வட்டம் தெரிகிறது. நாளுக்கு நாள் வட்டம் பெரிதாகிறது. இன்ஜினைத் தொட்டால் கை முழுவதும் ஆயில். அதன்மேல் தூசு படிந்து களிமண் போல ஒட்டியிருக்கிறது.

வீட்டில் கவலை வருகிறது. "இன்ஜின் போய்விட்டது" என்று ஒருவர் சொல்வார். "பழைய வண்டி என்றால் ஒழுகத்தான் செய்யும். பேசாமல் ஓட்டு" என்று இன்னொருவர் சொல்வார். பட்டறையில் கேட்டால், "இன்ஜினை இறக்கி முழு வேலை பார்த்துவிடலாம்" என்பார்கள்.

யார் சொல்வது சரி? வண்டியைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. பார்த்தால் மட்டும் போதாது. அளக்கவும் வேண்டும்.

நம் நாட்டில் டிராக்டர் தயாரிப்பு தொடங்கி அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. 1959இல் ஃபரிதாபாத்தில் ஐஷர் டிராக்டர் வெளிவந்தது. 1974இல் பஞ்சாபில் உள்ள மொகாலியில் இருந்து சுவராஜ் டிராக்டர் வந்தது. இன்று ஆண்டுதோறும் பல லட்சம் டிராக்டர்கள் விற்பனை ஆகின்றன. ஆனால் எல்லோரிடமும் புது வண்டி இல்லை. ஒரு டிராக்டர் இருபது, முப்பது ஆண்டு உழைக்கிறது. மூன்று, நான்கு கை மாறுகிறது. கடைசியில் அதை வாங்குபவர் பெரும்பாலும் சிறு விவசாயி. ஆயில் ஒழுகும் கவலையும் அவர் தலையில்தான் விழுகிறது.

இரண்டும் ஒன்றல்ல

இன்ஜின் ஆயிலுக்குப் பல வேலை உண்டு. இரும்பும் இரும்பும் உரசாமல் காக்கிறது. சூட்டைக் குறைக்கிறது. அழுக்கைச் சுமந்து வருகிறது. இன்ஜினின் அடியில் ஒரு தொட்டி இருக்கிறது. அதை ஆயில் சம்ப் என்பார்கள். பல டிராக்டர்களில் இந்தத் தொட்டி 6 முதல் 9 லிட்டர் வரை பிடிக்கும். ஒரு பம்பு அங்கிருந்து ஆயிலை எடுத்து, ஃபில்டர் வழியாக மேலே தள்ளுகிறது. வேலை முடிந்த ஆயில் தானாக வடிந்து தொட்டிக்கே திரும்புகிறது.

இந்த ஆயில் இரண்டு வழியில் குறையும்.

ஒன்று, வெளியே ஒழுகிக் குறையும். இரும்பும் இரும்பும் சேரும் இடத்தில் பேக்கிங் வைத்திருப்பார்கள். சுற்றும் தண்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீல் வைத்திருப்பார்கள். சூட்டிலும் வயதிலும் பேக்கிங் காய்ந்துவிடும். சீல் தேய்ந்துவிடும். அந்த வழியாக ஆயில் கசியும்.

இன்னொன்று, உள்ளே எரிந்து குறையும். பிஸ்டனைச் சுற்றி ரிங்குகள் இருக்கின்றன. பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்க்கு லைனர் என்று பெயர். ரிங்கும் லைனரும் தேய்ந்தால் ஆயில் மேலே ஏறி டீசலோடு எரியும். தரையில் ஒரு சொட்டும் விழாது. ஆனால் ஆயில் காணாமல் போகும்.

முதல் நோய்க்குப் பல நேரம் சில நூறு ரூபாய் பேக்கிங் போதும். இரண்டாவது நோய்க்குத்தான் இன்ஜினைத் திறக்க வேண்டும். அதற்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது முதல் நோய். பணத்தைத் தின்பது இரண்டாவது. இதனால்தான் குழப்பம் வருகிறது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

பஞ்சாபில் லூதியானா மாவட்டத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம். 5 ஏக்கர் நிலம். 35 குதிரைசக்தி டிராக்டர் ஒன்று. அதற்கு வயது 22. மாதம் அக்டோபர். நெல் அறுவடை முடிகிறது. நவம்பரில் கோதுமை விதைக்க வேண்டும். விதைப்பு தள்ளிப்போனால் கதிரில் பால் பிடிக்கும்போது வெயில் ஏறிவிடும். விளைச்சல் குறையும்.

இந்த நேரத்தில் டிராக்டரில் ஆயில் சொட்டுகிறது. நகரத்துப் பட்டறையில் முழு வேலைக்கு 70,000 ரூபாய் கேட்கிறார்கள். கையில் அவ்வளவு பணம் இல்லை. மண்டியில் நெல்லை விற்றுத் தரும் தரகரிடம்தான் கடன் வாங்க வேண்டும். அவரைப் பஞ்சாபில் ஆடத்தியா என்பார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை ரூபாய் வட்டி என்றால், 70,000 ரூபாய்க்கு மாதம் 1,050 ரூபாய். ஓர் ஆண்டுக்கு 12,600 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்.

வேலை பார்க்காமல் விட்டால்? இன்ஜின் உண்மையிலேயே தேய்ந்திருந்தால், விதைப்பின் நடுவில் வண்டி நின்றுவிடலாம். வாடகை டிராக்டருக்கு அலைய வேண்டும். அந்த நேரத்தில் ஊரில் எல்லா டிராக்டரும் வயலில் இருக்கும்.

அந்த ஊரில் ஒரு மிஸ்திரி இருக்கிறார். அங்கே மெக்கானிக்கை மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் டிராக்டரைச் சுற்றி வந்து பார்க்கிறார்.

"வீர்ஜி, இதை எப்போது கடைசியாகக் கழுவினீர்கள்?" என்று கேட்கிறார். வீர்ஜி என்றால் அண்ணா.

"கழுவுவதா? இரண்டு வருஷம் இருக்கும்" என்கிறார் விவசாயி.

"அப்படியானால் இது எங்கே ஒழுகுகிறது என்று எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, நகரத்துப் பட்டறைக்காரருக்கும் தெரியாது. முதலில் கழுவுங்கள்."

விவசாயியின் மனைவியிடம், "பாபிஜி, வீட்டில் பழைய நோட்டு இருக்கிறதா? அதுவும் வேண்டும்" என்கிறார். பாபிஜி என்றால் அண்ணி.

கழுவினால் பாதி தெரியும்

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். டிராக்டர் சமதரையில் நிற்க வேண்டும். பிரேக் போட்டிருக்க வேண்டும். பிரஷ்ஷில் டீசல் தொட்டு அழுக்கைத் தேய்த்து எடுக்கலாம். பிறகு துணியால் துடைக்கலாம். தண்ணீரைப் பீய்ச்சினால் மின்சாரப் பகுதிகளிலும் காற்று போகும் வழியிலும் தண்ணீர் நுழையும். அது வேண்டாம். பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் கூடாது.

இன்ஜின் காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவலாம். இது பழைய மெக்கானிக்குகளின் வழி. பிறகு இன்ஜினை 15 நிமிடம் ஓட்டி நிறுத்த வேண்டும். வெள்ளைப் பவுடரில் ஆயில் பட்ட கோடு நன்றாகத் தெரியும்.

எப்போதும் மேலிருந்து கீழே பார்க்க வேண்டும். ஆயில் மேலே கசிந்து கீழே வழியும். சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. மின்விசிறி காற்று முன்னால் கசியும் ஆயிலைப் பின்னால் அடித்துக்கொண்டு போகும். அதனால் பின்பக்கம் நனைந்திருந்தாலும் முன்பக்கமும் பார்க்க வேண்டும்.

ஒழுகுவது இன்ஜின் ஆயில்தானா? அதையும் பார்க்க வேண்டும். இரவில் வண்டியின் கீழே ஓர் அட்டையை விரித்து வைக்கலாம். காலையில் அட்டையில் உள்ள சொட்டைப் பார்க்கலாம். இன்ஜின் ஆயில் கறுப்பாக இருக்கும். கியர் ஆயில் தேன் நிறத்திலோ பழுப்பாகவோ இருக்கும். கெட்டியாக இருக்கும். மூக்கைத் துளைக்கும் வாடை வரும். டீசலை வாடையிலேயே தெரிந்துகொள்ளலாம். கியர் ஆயில் ஒழுகினால் இன்ஜினை இறக்கி என்ன பயன்?

இன்னொரு ஏமாற்றும் உண்டு. சில வண்டிகளில் சைலன்சர் குழாயின் மூட்டில் கறுப்பாக வடியும். டிராக்டரை வெகுநேரம் சுமை இல்லாமல் ஓடவிட்டால் டீசல் சரியாக எரியாது. எரியாத டீசலும் கரியும் சேர்ந்து அப்படி வடியும். அதுவும் ஆயில் ஒழுகுவது போலவே தெரியும். ஒரு நாள் நன்றாக உழுதால் பெரும்பாலும் நின்றுவிடும்.

எங்கே கசியும்?

இன்ஜினின் உச்சியில் ஒரு மூடி இருக்கிறது. அதன் கீழே வால்வுகள் வேலை செய்கின்றன. அதன் பேக்கிங் காய்ந்து கசிவது மிகவும் சாதாரணம். அந்த ஆயில் பக்கவாட்டில் வழிந்து இன்ஜின் முழுவதையும் கறுப்பாக்கிவிடும். பார்த்தால் பயமாக இருக்கும். மாற்றுவது சின்ன வேலை.

ஆயில் ஃபில்டர் சரியாக உட்காராமல் கசியும். தொட்டியின் வடிகால் போல்ட்டில் வாஷர் தேய்ந்து கசியும். தொட்டியின் பேக்கிங்கும் கசியும். கசிகிறதே என்று போல்ட்டை மேலும் மேலும் முறுக்கினால் தகடு வளைந்து இன்னும் கசியும். முன்பக்கம் பெல்ட் ஓடும் சக்கரத்தின் பின்னால் ஒரு சீல் இருக்கிறது. அதை மாற்ற அரை நாளோ ஒரு நாளோ ஆகும். இவை எதற்கும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை.

ஆயில் அழுத்தம் காட்டும் மீட்டருக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. பழைய வண்டிகளில் அது செம்பில் இருக்கும். அந்தக் குழாயில் விரிசல் விட்டால் ஆயில் சொட்டாது, பீய்ச்சும். பம்பு தள்ளும் ஆயில் அது. கொஞ்ச நேரத்தில் தொட்டி காலியாகிவிடும். குழாய் மலிவுதான். ஆனால் அதை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

டீசல் குழாய்கள் பக்கத்திலேயே இருக்கும். பம்பில் இருந்து இன்ஜெக்டருக்குப் போகும் குழாயில் கசிவு இருந்தால், இன்ஜின் ஓடும்போது விரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரிய வேலை வைப்பது பின்பக்கத்துச் சீல்தான். இன்ஜினும் கிளட்ச் பெட்டியும் சேரும் இடத்தில் அது உள்ளே இருக்கிறது. டிராக்டருக்குக் காரைப் போலத் தனிச் சட்டம் கிடையாது. பெரும்பாலும் இன்ஜின், கிளட்ச் பெட்டி, கியர் பெட்டி மூன்றையும் ஒன்றோடு ஒன்று போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். பின் சீலை மாற்ற டிராக்டரை நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். சீலின் விலை குறைவு. கூலிதான் அதிகம். அதனால் கிளட்ச் தட்டு தேய்ந்து வண்டியைப் பிரிக்கும்போது சீலையும் சேர்த்து மாற்றுவது புத்திசாலித்தனம். அதுவரை கொஞ்சம் சொட்டினால் சொட்டட்டும் என்று விடலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கிளட்ச் பெட்டியின் அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். சில வண்டிகளில் அதில் ஒரு முள் தொங்கும். அந்த ஓட்டை சேற்றால் அடைபட்டால் ஆயில் உள்ளே தேங்கும். கிளட்ச் தட்டு நனையும். கிளட்ச் வழுக்கும். ஏர் இழுக்காது. ஓட்டை திறந்திருந்தால் ஆயில் சொட்டிவிடும். சிலர் சொட்டுகிறது என்று அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறார்கள்! அது சொட்டுவதற்காகவே வைத்த ஓட்டை.

மூச்சு விடும் குழாய்

பிஸ்டன் ரிங் புதிதாக இருந்தாலும் கொஞ்சம் புகை இன்ஜினின் வயிற்றுக்குள் இறங்கும். அது வெளியே போக ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள். மெக்கானிக்குகள் அதைப் பிரீதர் என்பார்கள். மூச்சுக்குழாய் என்று சொல்லலாம்.

வைக்கோல் தூசும் ஆயிலும் சேர்ந்து இந்தக் குழாயை அடைத்துவிடும். அப்போது உள்ளே அழுத்தம் ஏறும். இட்லிப் பானையின் மூடியை இறுக்கி அடைத்தால் ஆவி ஓரத்தைப் பிளந்துகொண்டு வரும் அல்லவா? அதுபோல ஆயில் எல்லாப் பேக்கிங் வழியாகவும் வெளியே வரும். புதுப் பேக்கிங் போட்டாலும் மறுபடி கசியும். "எத்தனை பேக்கிங் போட்டும் நிற்கவில்லை, இன்ஜின்தான் போய்விட்டது" என்று முடிவு கட்டுவார்கள். மூச்சுக்குழாயை டீசலில் கழுவி மாட்டினால் செலவே இல்லை. மற்ற எதையும் கழற்றும் முன் இதைச் செய்ய வேண்டும்.

குழாயைச் சுத்தம் செய்த பிறகும் அழுத்தம் இருந்தால் அது வேறு செய்தி. இன்ஜின் சூடாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். மெல்லிய புகை மட்டும் வந்தால் பயமில்லை. குப்குப்பென்று புகை தள்ளினால், மூடியைத் திறந்த இடத்தில் வைத்தாலும் அது குதித்தால், ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன என்று சந்தேகப்படலாம். புடவை முந்தானை, துப்பட்டா, துண்டு எதுவும் பெல்ட்டின் பக்கம் போகக் கூடாது.

புகையின் நிறமும் பேசும். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். காற்று ஃபில்டரைப் பார்க்க வேண்டும். காலையில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வருவது சாதாரணம். சூடான பிறகும் சுமையில் நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது. ஆனால் நீலப் புகைக்கும் வேறு காரணம் இருக்கலாம். பழைய டிராக்டர்களில் காற்று ஃபில்டரின் கிண்ணத்தில் ஆயில் ஊற்றுவார்கள். கோட்டுக்கு மேலே ஊற்றினால் அந்த ஆயிலை இன்ஜின் உறிஞ்சி எரிக்கும். காலையில் கிளப்பும்போது மட்டும் நீலப் புகை வந்து நின்றுவிட்டால், வால்வு வழியாக ஆயில் இறங்குகிறது என்று பொருள். அதற்கு மேல்பகுதி வேலை மட்டும் போதும்.

நோட்டில் எழுதிய கணக்கு

லூதியானா குடும்பத்தில் நோட்டு எழுதும் வேலை மனைவிக்கு வருகிறது. நான்கு கட்டம் போடுகிறார். தேதி. மீட்டர் காட்டும் மணி. ஊற்றிய டீசல். ஊற்றிய ஆயில்.

தினமும் காலையில், இன்ஜினைக் கிளப்பும் முன், சமதரையில் வைத்து ஆயில் குச்சியைப் பார்க்க வேண்டும். குச்சியைத் துடைத்து, மறுபடி விட்டு எடுக்க வேண்டும். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றக் கூடாது. அதிக ஆயிலும் ஒழுகலை உண்டாக்கும்.

20 மணி நேரம் ஓடுகிறது. டீசல் 60 லிட்டர் ஆகிறது. ஆயில் ஒரு லிட்டர், அதாவது 1,000 மில்லி, ஊற்ற வேண்டி வருகிறது.

இப்போது சொட்டை அளக்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ஒரு சுத்தமான டப்பாவைக் கீழே வைக்கிறார்கள். 15 நிமிடம் ஓடவிடுகிறார்கள். இன்ஜினை நிறுத்திய பிறகுதான் டப்பாவை எடுக்கிறார்கள். இருமல் மருந்து பாட்டிலின் மூடியில் மில்லி கோடு இருக்கிறது. அதில் ஊற்றி அளந்தால் 10 மில்லி. ஒரு மணி நேரத்துக்கு 40 மில்லி. 20 மணி நேரத்துக்கு 800 மில்லி.

1,000 மில்லி குறைந்தது. அதில் 800 மில்லி தரையில் சொட்டியது. மீதி 200 மில்லிதான் உள்ளே எரிந்தது. வயலில் வேலை செய்யும்போது சொட்டு இன்னும் கொஞ்சம் வேகமாக விழும். அப்படியானால் எரிந்தது இன்னும் குறைவு.

60 லிட்டர் டீசலுக்கு 200 மில்லி ஆயில் என்பது அதிகமா? பழைய டீசல் இன்ஜினுக்குத் தோராயமாக ஒரு கணக்கு உண்டு. 100 லிட்டர் டீசலுக்கு அரை லிட்டர் வரை ஆயில் எரிந்தால் ஓட்டலாம். ஒரு லிட்டரைத் தாண்டினால் இன்ஜினைச் சோதிக்க வேண்டும். இந்தக் குடும்பத்தின் வண்டியில் 100 லிட்டருக்கு 330 மில்லி அளவுதான் வருகிறது.

இன்னொரு வண்டியை நினைத்துப் பாருங்கள். அதுவும் 20 மணி நேரத்தில், 60 லிட்டர் டீசலில், ஒரு லிட்டர் ஆயில் குடிக்கிறது. ஆனால் நிமிடத்துக்கு ஒரு சொட்டுதான் விழுகிறது. சுமார் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் மணிக்கு 60 சொட்டு, 3 மில்லி. 20 மணி நேரத்துக்கு 60 மில்லி. மீதி 940 மில்லி எரிந்து போயிருக்கிறது. 100 லிட்டர் டீசலுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல்! வெளியே பார்த்தால் அந்த இன்ஜின் சுத்தமாக இருக்கும். ஆனால் திறக்க வேண்டியது அதைத்தான்.

"அப்படியானால் எங்கள் வண்டிக்கு இன்ஜின் வேலை வேண்டாமா?" என்று மனைவி கேட்கிறார்.

"இப்போதைக்கு வேண்டாம் பாபிஜி. ஆனால் இன்னும் இரண்டு சோதனை இருக்கிறது" என்கிறார் மிஸ்திரி.

கடைசி இரண்டு சோதனை

முதலாவது ஆயில் அழுத்தம். சூடான இன்ஜின் மெதுவாக ஓடும்போது அழுத்தம் மிகவும் இறங்கினால், கிராங்க் தண்டின் பேரிங்குகள் தேய்ந்திருக்கலாம். ஆனால் பழைய வண்டியின் மீட்டரை அப்படியே நம்ப முடியாது. மெக்கானிக் தன்னுடைய மீட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தம். இதற்கு டீசல் இன்ஜினுக்கான மீட்டர் வேண்டும். 3 சிலிண்டர் என்றால் 3 எண் வரும். மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மிகவும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் குறை இருக்கிறது. அது வால்வாகவும் இருக்கலாம், ரிங்காகவும் இருக்கலாம். மூன்றும் குறைந்து, நீலப் புகையும் வந்து, காலையில் கிளம்பவும் அடம்பிடித்து, பழைய கியரில் ஏர் இழுக்கவும் திணறினால், அது வயதான இன்ஜின். அதற்கு முழு வேலை நியாயம்தான். அதைப் பேக்கிங் போட்டுச் சமாளிப்பது பணத்தை வீணாக்குவது.

இந்த எண்களை நோட்டில் எழுதித் தரும்படி மெக்கானிக்கிடம் கேட்கலாம். எண் எதுவும் காட்டாமல் "முழு வேலை" என்று மட்டும் சொல்லும் பட்டறையில் அவசரப்பட்டு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

லூதியானா வண்டியில் இரண்டு சோதனையும் பரவாயில்லை. மிஸ்திரி மூச்சுக்குழாயைக் கழுவுகிறார். உச்சி மூடியின் பேக்கிங்கை மாற்றுகிறார். முன் சீலை மாற்றுகிறார். பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்து 3,000 ரூபாய்க்குள் முடிகிறது. அடுத்த 20 மணி நேரத்தில் 300 மில்லி ஆயில் ஊற்றினால் போதுமாக இருக்கிறது. பின் சீல் இன்னும் கொஞ்சம் சொட்டுகிறது. கோதுமை அறுவடை முடிந்து, கிளட்ச் தட்டை மாற்றும்போது அதையும் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை வண்டி நிற்கும் இடத்தில் ஒரு தகர டப்பா வைக்கிறார்கள். ஆயில் மண்ணில் ஊறினால் அங்கே புல்கூட முளைக்காது. கிணற்றுத் தண்ணீரும் கெடும்.

உடனே நிறுத்த வேண்டியவை

சில அடையாளங்களுக்கு நோட்டும் கணக்கும் தேவையில்லை. ஆயில் அழுத்த மீட்டர் திடீரென்று இறங்கினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். உள்ளே இரும்பு அடிக்கும் சத்தம் கேட்டாலும் நிறுத்த வேண்டும். ஆயில் குச்சியில் பால் கலந்த தேநீர் போல நிறம் தெரிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. ஆயில் குறையாமல், ஊற்றாமலே ஏறினால் அதையும் பார்க்க வேண்டும். ஏறியதைப் பார்த்துச் சிலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். டீசல் வாடை வந்தால் டீசல் ஆயிலில் இறங்குகிறது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது.

முழு வேலைதான் என்று ஆனால்

எல்லாச் சோதனையும் பார்த்து, முழு வேலைதான் என்று முடிவானால் அதையும் கேட்டுச் செய்ய வேண்டும். என்னென்ன மாற்றுவார்கள்? ரிங் மட்டுமா, லைனரும் பிஸ்டனும் சேர்த்தா? தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போட்டால் சில மாதத்தில் பழைய கதைதான். கிராங்க் தண்டை அளந்து பார்த்தார்களா? கடைசல் பட்டறைக் கூலி யாருடையது? எத்தனை மாதம் பொறுப்பு? இவற்றைத் தாளில் எழுதி வாங்க வேண்டும். கழற்றிய பழைய பொருள்களையும் திருப்பிக் கேட்க வேண்டும். புதுப் பொருள் போட்டதற்கு அதுவே சாட்சி.

அறுவடைக்கும் அடுத்த உழவுக்கும் நடுவில் உள்ள ஓய்வு நாள்களில் வேலையை வைத்துக்கொள்வது நல்லது. அவசர வேலையில் தூசு உள்ளே போகும். திறந்த இன்ஜினுக்குத் தூசைவிடப் பெரிய எதிரி இல்லை.

வேலை முடிந்து வந்த இன்ஜினுக்கு முதல் 50 மணி நேரம் முக்கியம். புது ரிங்கும் லைனரும் ஒன்றோடு ஒன்று பழக வேண்டும். முதல் நாளே ஆழ உழக் கூடாது. சும்மா வெகுநேரம் ஓடவிடவும் கூடாது. நடுத்தரச் சுமையில் ஓட்ட வேண்டும். 50 மணி ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுக்கலாம். நோட்டில் புதிய பக்கம் எடுத்து, மீட்டரில் உள்ள மணியை முதல் வரியில் எழுத வேண்டும். முதல் நூறு மணி நேரத்தில் ஆயில் கொஞ்சம் குறையும். பிறகு அது நிற்கிறதா என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.